ஒரே கடல், இரண்டு துறைமுகங்கள்: சியாமெனும் சுவான்ஜோவும்

சீனாவின் தென்கிழக்குக் கரையில், தைவானுக்கு நேர் எதிரே இருக்கிறது ஃபூஜியான் மாகாணம். அதன் தென்பகுதியில் அக்கம்பக்கமாக இரண்டு துறைமுக நகரங்கள்: சியாமென், சுவான்ஜோ. ஹாங்காங்கை அடுத்துள்ள குவாங்ஜோவோடு சுவான்ஜோவைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது வேறு, இது வேறு. சியாமெனிலிருந்து சுவான்ஜோவுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம். இரண்டு ஊரிலும் மண்ணின் மொழி மின்னான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள தமிழர்கள் ஹொக்கியன் என்று அறிந்திருப்பது இதைத்தான். கும்பிடும் தெய்வங்கள், குடிக்கும் தேநீர், பண்டிகைப் பலகாரம் எல்லாம் பெரும்பாலும் ஒன்றே.

ஆனாலும் இரண்டுக்கும் போய்வந்தவர்கள் ஒப்பிடாமல் இருப்பதில்லை. கண்ணுக்குச் சியாமென், வாய்க்குச் சுவான்ஜோ என்பது பொதுவாகச் சொல்லப்படும் தீர்ப்பு. வாழ்வதற்கு எது என்று கேட்டால் மட்டும் பதில் ஆளுக்கு ஆள் மாறும். இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் சரி என்பதை உணவு, காட்சி, அன்றாட வாழ்க்கை என மூன்று பக்கமும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மூன்றிலும் தெரியும் வேறுபாடுகளுக்கு வேர் ஒன்றுதான் என்பது என் கருத்து: கடல் வணிகம் எந்த ஊருக்கு எப்போது வந்தது, எப்போது விட்டுப்போனது என்பதே அது.

ஒன்று தூங்கியது, மற்றொன்று விழித்தது

முதலில் வளர்ந்தது சுவான்ஜோ. சோங் அரசு 1087ஆம் ஆண்டில் இங்கே கடல் வணிகத்துக்கான சுங்க அலுவலகத்தைத் திறந்தது. அடுத்த முன்னூறு ஆண்டுகள் அரபியரும் பாரசீகரும் தமிழ் வணிகரும் இந்த ஊரில் கடை விரித்தார்கள். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் சைதூன் என்று எழுதிவைத்த மாபெரும் துறைமுகம் இதுதான். 1974இல் ஹௌஜூ கடற்கரைச் சேற்றிலிருந்து சோங் காலக் கப்பல் ஒன்றைத் தோண்டியெடுத்தபோது அதில் வாசனை மரத்துண்டுகளும் மிளகும் பாக்கும் கிடைத்தன. தெற்குக் கடல்களிலிருந்து திரும்பிவந்த கப்பல் அது.

வீழ்ச்சியும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் நடந்து முடிந்தது. யுவான் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1357 முதல் 1366 வரை, ஊருக்குள் நடந்த படைக்கலகத்தில் வெளிநாட்டு வணிகர் சமூகம் சிதறியது. பின்னால் வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்தைத் தடைசெய்தது. துறைமுகம் மணல் மேவித் தூர்ந்தது. 15ஆம் நூற்றாண்டில் சுங்க அலுவலகமே மாகாணத் தலைநகரான ஃபூஜோவுக்குப் போய்விட்டது.

அந்தக் காலத்தில் சியாமென் ஒரு தீவுக் காவல் கோட்டை, அவ்வளவுதான். 17ஆம் நூற்றாண்டில் மிங் தளபதி ஜெங் செங்கோங் அதைத் தன் கடற்படைத் தளமாக்கினார். அபினிப் போரில் சீனா தோற்ற பிறகு, 1842இன் நான்ஜிங் ஒப்பந்தப்படி வெளிநாட்டாருக்குத் திறந்துவிடப்பட்ட ஐந்து துறைமுகங்களில் ஒன்றானது. சிங்கப்பூர், பினாங்கு, மணிலா, ஜாவா என்று பிழைப்புத் தேடிப் போன தென்ஃபூஜியான் மக்களில் பெரும்பாலோர் கப்பலேறியது இங்கிருந்துதான். 1980இல் சீனா முதன்முதலாக அறிவித்த நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்களிலும் சியாமென் இருந்தது.

ஆக, சுவான்ஜோ உலகத்தைத் தன்னிடம் வரவழைத்த ஊர். சியாமென் தன் மக்களை உலகத்துக்கு அனுப்பிய ஊர். முன்னதன் பொற்காலம் 13ஆம் நூற்றாண்டு, பின்னதன் பொற்காலம் 20ஆம் நூற்றாண்டு.

இலையில் என்ன இருக்கிறது

சுவான்ஜோவின் காலை மியான்சியன்ஹூவோடு விடியும். மயிரிழை போன்ற கோதுமைச் சேமியாவை எலும்பும் கடலுணவும் சேர்த்துக் கொதித்த சாற்றில் போட்டு, இழை தெரியாமல் கரையவிட்ட கஞ்சி அது. வினிகரில் ஊறவைத்துப் பொரித்த பன்றியிறைச்சி, பன்றிக்குடல், சிப்பி, இறால் என்று தட்டுகளில் வரிசையாக இருக்கும். கை காட்டியதெல்லாம் கிண்ணத்தில் விழும். தொட்டுக்கொள்ள, எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி. மதியத்துக்கு மாட்டிறைச்சிக் கடைகள். சர்க்கரைவள்ளி மாவு பூசி வேகவைத்த இறைச்சித் துண்டுகள் மிதக்கும் சூப், கேரட் கலந்த உப்புச்சோறு, மசாலாவில் நெடுநேரம் வெந்த விலா எலும்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு முழுச் சாப்பாடு. பன்றியே கோலோச்சும் தென்ஃபூஜியான் சமையலில், மாட்டிறைச்சியை இப்படி ஒரு தனி மரபாக வளர்த்திருப்பது இந்த ஊரின் தனித்தன்மை.

சியாமெனின் அடையாள உணவு சாச்சா நூடுல்ஸ். நிலக்கடலை, உலர்ந்த இறால், பூண்டு, மிளகாய், மசாலாப் பொருட்கள் எல்லாம் அரைத்துக் கொதிக்கவைத்த கெட்டியான செந்நிறக் குழம்பில் நூடுல்ஸ் மிதக்கும். மேலே போடும் கணவாய், டோஃபு, ஈரல், மீன் உருண்டை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. மலாய்த் தீவுகளின் சாத்தே, அங்கே பிழைக்கப் போய்த் திரும்பியவர்களின் கைப்பக்குவத்தில் சியாமென் குழம்பாயிற்று. காரத்தைப் பெரிதாக விரும்பாத இந்த வட்டாரத்தில் தமிழ் நாக்குக்குச் சட்டென்று பிடித்துப்போகும் உணவு இதுதான். இனிப்புக்கு, வேர்க்கடலையை வாயில் வைத்ததும் கரையும் பதத்துக்கு வேகவைத்த கடலைப் பாயசமும் பச்சைப்பயறு பூரணம் வைத்த வட்டமான அடுக்குப் பலகாரங்களும் உண்டு.

இவை போக, இரண்டு ஊருக்கும் பொதுவான பட்டியல் நீளமானது. சர்க்கரைவள்ளி மாவும் முட்டையும் குட்டிச் சிப்பிகளும் சேர்த்து வார்க்கும் சிப்பி அடை. நல்லெண்ணெயில் முற்றிய இஞ்சியை வதக்கி மண்சட்டியில் வேகவைக்கும் இஞ்சி வாத்து. மெல்லிய மாவுத்தாளில் காய்கறி, டோஃபு, சிப்பி, கடற்பாசி வைத்துச் சுருட்டும் ருன்பிங். இந்த ருன்பிங் கடல் தாண்டிப் போய் சிங்கப்பூர், மலேசியாவில் பொப்பியா ஆனது. கடலோரச் சேற்றில் வாழும் ஒரு புழுவை வேகவைத்து, அதன் பசையிலேயே உறையவிட்ட டூசுன்தோங் என்ற குளிர்ந்த கட்டியும் இப்பட்டியலில் உண்டு. முதல் வாய்க்குத் துணிச்சல் வேண்டும். பூண்டும் வினிகரும் கலந்த சாற்றில் தொட்டால் இரண்டாவது வாய் எளிது.

பெயர்களை வைத்துப் பார்த்தால் இரண்டு ஊரின் சமையலுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு, யாருக்காகச் சமைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. சியாமெனின் ஜோங்ஷான் சாலையிலும் செங்சுவோஆன் கிராமத்திலும் உள்ள கடைகள் பயணிகளை நம்பி நடப்பவை. குச்சியில் செருகிய கணவாயும் வண்ண வண்ணப் பழச்சாறும் சீனாவின் எந்தச் சுற்றுலாத் தெருவிலும் கிடைப்பவை. உள்ளூர்க்காரர்கள் மீன் வாங்கவும் காலை உணவுக்கும் போவது பாஷி என்று அழைக்கும் எட்டாம் சந்தைக்கு. சியாமெனில் நல்ல சாப்பாடு இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பாஷிக்குப் போகாதவர்கள். சுவான்ஜோவில் இப்படித் தேடி அலைய வேண்டியதில்லை. தங்கியிருக்கும் சந்திலேயே ஒரு மியான்சியன்ஹூக் கடை இருக்கும். பக்கத்து மேசையில் இருப்பவர் அந்தத் தெருக்காரராக இருப்பார். விலையும் சியாமெனைவிடக் குறைவு.

சைவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். சிப்பியும் பன்றிக்கொழுப்பும் எதில் இருக்கும், எதில் இருக்காது என்று சொல்ல முடியாத வட்டாரம் இது. சியாமெனில், பல்கலைக்கழகத்தை ஒட்டியுள்ள நான்புதுவோ பௌத்தக் கோயிலின் சைவ உணவகம் பேர்பெற்றது. அந்த ஒரு காரணத்துக்காகவே சைவர்கள் சியாமெனுக்கு ஓட்டுப் போடலாம்.

தேநீரில் போட்டியே இல்லை. இரண்டு ஊரிலும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், துணிக்கடையோ மருந்துக்கடையோ, ஒரு தேநீர்த் தட்டும் விரலளவு கோப்பைகளும் தயாராக இருக்கும். அதில் ஊற்றப்படும் தியேகுவான்யின், சுவான்ஜோ ஆட்சிப் பகுதிக்குள் அடங்கிய அன்ஷி மலைகளில் விளைவது.

கண்ணுக்கு எது

சியாமெனில் கடல் ஊரோடு ஒட்டியிருக்கிறது. தீவைச் சுற்றிவரும் கடற்கரைச் சாலை, பனைமரங்கள், தூரத்தில் கப்பல்கள். 2017 கடைசியில் ஓடத் தொடங்கிய முதல் மெட்ரோ வழித்தடம் தீவிலிருந்து எதிர்க்கரையில் உள்ள ஜிமெய்க்குப் போகும்போது சுரங்கத்தைவிட்டு மேலேறி, இரு பக்கமும் கடல் தெரியத் தரைப்பாலத்தில் ஓடும். ஒரு நகரப் பயணச்சீட்டின் விலையில் கிடைக்கும் காட்சி அது. கிழக்குக் கரையில் நின்றால், வானம் தெளிவாக இருக்கும் நாட்களில், தைவானின் ஆட்சியில் உள்ள ஜின்மென் தீவு தெரியும். 1958இல் இந்த நீர்ப்பரப்பின் இரு பக்கமும் பீரங்கிகள் முழங்கின. 2001 முதல் படகுகள் போய்வருகின்றன.

சியாமெனின் மகுடம் குலாங்யூ தீவு. பரப்பு ஏறக்குறைய 2 சதுர கிலோமீட்டர், கார்களுக்கு இடமில்லை. 1903 முதல் பன்னாட்டுக் குடியிருப்பாக இருந்தபோது கட்டிய தூதரகங்களும் தேவாலயங்களும், தென்கிழக்காசியாவில் சம்பாதித்துத் திரும்பிய சீனர்களின் மாளிகைகளும் ஆலமர நிழலில் நெருங்கி நிற்கின்றன. மதபோதகர்களோடு வந்த பியானோ வீட்டுக்கு வீடு பரவியதால், இதைப் பியானோத் தீவு என்றே அழைக்கிறார்கள். 2017இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

சிங்கப்பூரில் ரப்பர், அன்னாசி வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த டான் கா கீ 1921இல் நிறுவிய சியாமென் பல்கலைக்கழகமும் பார்க்க வேண்டிய இடம். மேற்கத்தியச் சுவர், சீனக் கூரை கொண்ட அவருடைய கட்டடங்களை, கோட்டு போட்டு மூங்கில் தொப்பி வைத்தவை என்று ஊரார் சொல்வார்கள். வணிகம் நொடித்தபோதும், மாளிகைகளை விற்றுப் பல்கலைக்கழகத்தை நடத்தினார் அவர்.

சுவான்ஜோவின் பழைய நகருக்குள் நின்றால் கடல் தெரியாது. அதன் காட்சியெல்லாம் கல்லில் இருக்கிறது. 686இல் தோன்றிய கையுவான் கோயிலின் இரு பக்கமும் 13ஆம் நூற்றாண்டில் கருங்கல்லில் எழுப்பிய எண்கோணக் கோபுரங்கள் நிற்கின்றன. உயரமானது 48 மீட்டர். 1604இன் பெரும் நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றவை இவை. ஊருக்குக் கிழக்கே லுவோயாங் பாலம்: 1053 முதல் 1059 வரை கட்டியது. ஆற்றுமுகத்தின் இழுப்பில் கற்கள் நகராதபடி, அடித்தளத்தில் சிப்பிகளை வளர்த்து அவற்றின் ஓட்டையே சாந்தாக்கினார்கள். நின்றால் இரட்டைக் கோபுரம் போல, கிடந்தால் லுவோயாங் பாலம் போல என்பது மனிதன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊரில் வழங்கும் பழமொழி.

தூமென் தெருவில் ஒரு நடை போனால் போதும்: 1009இல் கட்டிய சிங்ஜிங் பள்ளிவாசலின் கருங்கல் வாயில், அடுத்தாற்போல் ஊதுபத்திப் புகை மண்டிய குவான்தி கோயில், கொஞ்சம் தள்ளி கன்பூசியஸ் கோயில். பக்கத்து ஜின்ஜியாங்கில் உள்ள சாவோஆன் கோயிலில், உலகில் ஏறக்குறைய அழிந்துவிட்ட மணிசேய மதத்தின் நிறுவனர் மணியின் சிலை 1339இல் பாறையில் செதுக்கப்பட்டபடியே இருக்கிறது. ஊரார் அதை ஒளிப் புத்தராக வணங்குகிறார்கள். இவ்வூரின் 22 இடங்கள் சேர்ந்து 2021இல் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

அழகை மட்டும் அளந்தால் சியாமென் முந்தும். ஒரு கல்லைப் பார்த்துவிட்டு அதைப்பற்றி நாள் முழுக்க யோசிக்கத் தோன்றுவது சுவான்ஜோவில்.

தமிழ்க் கல்

தமிழ் வாசகர் இந்த ஒப்பீட்டை நடுநிலையோடு படிப்பது கடினம். காரணம், 1281ஆம் ஆண்டுச் சித்திரையில் பொறித்த ஒரு கல்வெட்டு. குப்லாய் கான் ஆட்சிக் காலத்தில், சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் ஆணைப்படியும் அவருடைய உடல்நலம் வேண்டியும் சுவான்ஜோவில் சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்ததைத் தமிழில் சொல்கிறது அது. கடைசியில் ஒரு வரி சீன எழுத்து. கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் ஊர் முழுக்கச் சிதறி வெவ்வேறு கட்டடங்களில் ஏறிவிட்டன. கையுவான் கோயிலின் முதன்மை மண்டபத்துக்குப் பின்புறம் உள்ள இரண்டு தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள். ஜின்ஜியாங்கின் சிதியான் கிராமத்தில் நான்கு கைகள் கொண்ட ஒரு இந்து தெய்வச் சிலையைக் கருணைத் தெய்வமான குவான்யின் என்று மக்கள் வழிபட்டுவருகிறார்கள். 1959இல் தொடங்கிய சுவான்ஜோ கடல்வழித் தொடர்பு அருங்காட்சியகத்தில் மேலும் பல சிற்பங்கள் உண்டு.

அந்தத் தமிழ்க் கல்வெட்டு மட்டும் சியாமென் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயிலின் சிற்பங்கள் ஓர் ஊரில், எழுத்து மற்றோர் ஊரில். தமிழ்ப் பயணி இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாமல் போவதற்கு இதுவே போதும்.

பயணி போன பிறகு

விடுமுறைக்கு வருபவர் காண்பது வேறு, வாடகை கட்டுபவர் காண்பது வேறு. 2020 கணக்கெடுப்பில் சியாமெனின் மக்கள்தொகை ஏறக்குறைய 52 லட்சம், சுவான்ஜோவின் மக்கள்தொகை ஏறக்குறைய 88 லட்சம். சுவான்ஜோ என்பது ஒற்றை நகரமாக இல்லாமல் பல நகரங்களும் மலைவட்டங்களும் சேர்ந்த பெரும் பகுதி. மொத்த உற்பத்தியிலும் அதுவே பெரியது; 2020இல் ஒரு லட்சம் கோடி யுவானைத் தாண்டியது.

இந்தப் பணம் பழைய நகரின் தெருக்களில் தெரியாது. அது சுற்றுவட்டாரத்தில் இருக்கிறது: ஜின்ஜியாங்கில் விளையாட்டுக் காலணி, ஷிஷியில் ஆயத்த ஆடை, ஹுய்ஆனில் கல்தச்சு, தெஹுவாவில் வெண்பீங்கான், அன்ஷியில் தேயிலை. அன்டா, 361 டிகிரி போன்ற காலணி நிறுவனங்கள் ஜின்ஜியாங்கில் முளைத்தவை. குடும்பத் தொழிலாகத் தொடங்கி ஊரோடு வளர்ந்த தனியார் தொழில்களே இங்கு முதுகெலும்பு. சுவான்ஜோக்காரரிடம் வேலை பற்றிக் கேட்டால் சொந்தத் தொழில் பற்றிப் பேசுவார்.

சியாமென் மாத ஊதியக்காரர்களின் நகரம்: பல்கலைக்கழகம், மென்பொருள் பூங்கா, துறைமுகம், அரசு அலுவலகம், சுற்றுலா. தெருக்கள் சுத்தம். 2008 முதல் ஓடும் உயர்மட்ட விரைவுப் பேருந்துத் தடம், மெட்ரோ, கடலோர நடைபாதை என்று பொது வசதிகளில் குறை சொல்ல முடியாது. அதற்கான விலை வீட்டில் இருக்கிறது. பல ஆண்டுகளாக பெய்ஜிங், ஷாங்காய், ஷென்ஜெனுக்கு அடுத்த வரிசையில் வைக்கும் அளவுக்கு வீட்டு விலை உயர்ந்த நகரம் இது. ஊதியம் அந்த அளவுக்கு உயரவில்லை. தீவுக்குள் வீடு வாங்க முடியாத இளைஞர்கள் ஜிமெய், ஹைசாங், ஷியாங்ஆன் என்று கடலுக்கு அப்பால் குடியேறி, தினமும் பாலமோ சுரங்கமோ தாண்டி வேலைக்கு வருகிறார்கள். சுவான்ஜோவின் பழைய தெருக்களில் மின்ஸ்கூட்டர்கள் நடப்பவரைத் தொட்டுக்கொண்டு போகும். நடைபாதை இருக்கும், இல்லாமலும் போகும். ஆனால் பிறந்த தெருவிலேயே கடை வைத்து, அங்கேயே பேரனுக்குச் சோறூட்டும் வாழ்க்கை அங்கே இன்னும் மிச்சமிருக்கிறது.

மொழியிலும் இதே வேறுபாடு. நாடெங்குமிருந்து வந்தவர்கள் நிறைந்த சியாமென் தெருக்களில் மாண்டரின்தான் முதலில் காதில் விழும். சுவான்ஜோவில் சந்தையிலும் கோயிலிலும் மின்னான் கேட்கிறது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நான்யின் இசை இந்த வட்டாரத்துச் சொத்து. சுவான்ஜோவின் கன்பூசியஸ் கோயிலை ஒட்டி மாலையில் அதைப் பாடுவதை முதியவர்கள் தேநீரோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதற்காகச் சியாமென் வேரற்ற ஊர் என்று சொல்லிவிட முடியாது. இலையுதிர்காலப் பௌர்ணமியை ஒட்டி, பீங்கான் கிண்ணத்தில் ஆறு பகடைகளை உருட்டி நிலா அப்பங்களைப் பரிசாக வெல்லும் போபிங் விளையாட்டில், வீடு, அலுவலகம், உணவகம் எல்லாம் ஒன்றாகிவிடும். புதிதாகக் குடியேறியவரையும் அந்தக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார வைத்துவிடும் ஊர் அது.

புகழின் கூலி

குலாங்யூ இப்போது புகழுக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறது. நாளொன்றுக்கு 50,000 பேர் என்று உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று. 2014 முதல் பகல் நேரத்தில் சுற்றுலாப் பயணிகள் தொலைவில் உள்ள முனையத்திலிருந்துதான் படகேற வேண்டும். எதிரே இருக்கும் பழைய துறை தீவுவாசிகளுக்கு. பள்ளியும் மருத்துவமனையும் இருந்த தீவில், நினைவுப்பொருள் கடைகள் பெருகப் பெருகக் குடும்பங்கள் குறைந்தன.

சுவான்ஜோவுக்கும் அந்தக் காலம் வந்துவிட்டது. சிப்பி ஓடுகளால் சுவர் எழுப்பிய ஷுன்பூ மீனவக் கிராமத்துப் பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூவளையம் சூடுவது வழிவழி வந்த வழக்கம். 2023இல் ஒரு நடிகையின் புகைப்படங்கள் பரவியபின், பூச்சூடிப் படமெடுத்துக்கொள்ள நாடெங்கிலுமிருந்து இளம்பெண்கள் அங்கே குவிகிறார்கள். கிராமத்துக்கு வருமானம் வந்தது; தெருவில் நடக்க இடம் போனது. பழைய நகரின் மேற்குத் தெருவிலும் காப்பிக் கடைகள் பெருகிவருகின்றன. அறுநூறு ஆண்டுகள் உலகம் மறந்திருந்ததால்தான் சுவான்ஜோ இவ்வளவு மிஞ்சியது. உலகம் நினைவுகூர்ந்த பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பதை அந்நகர நிர்வாகம்தான் தீர்மானிக்க வேண்டும். குலாங்யூவின் பாடம் அரை மணி நேரத் தொலைவிலேயே இருக்கிறது.

தீர்ப்பு

பழைய தீர்ப்பில் பாதி சரி. காட்சிக்குச் சியாமென் என்பது கடற்காட்சியை மட்டும் கருதினால் உண்மை. வரலாறும் கட்டடக்கலையும் காட்சியில் சேரும் என்றால் சுவான்ஜோவே மேல். உணவுக்குச் சுவான்ஜோ என்பது சரி. ஆனால் சாச்சா நூடுல்ஸையும் பாஷிச் சந்தையையும் விட்டுவிட்டு அப்படிச் சொல்வது நியாயமில்லை. மாத ஊதியத்தில் வாழ்பவருக்கும், குழந்தைகளோடு வருபவருக்கும், சைவருக்கும் சியாமென் வசதி. சொந்தத் தொழில் செய்பவருக்கும், குறைந்த செலவில் நிறைந்த வாழ்க்கை வேண்டுபவருக்கும் சுவான்ஜோ ஏற்றது.

போக நினைப்பவர்கள் புயல் ஓய்ந்த அக்டோபர், நவம்பரில் போகலாம். அக்டோபரின் முதல் வாரம் சீனத் தேசிய விடுமுறை என்பதால் அதை மட்டும் தவிர்க்க வேண்டும். புயல் காலத்தில் போகாமலிருப்பதே நல்லது: 2016 செப்டம்பரில் சியாமெனைத் தாக்கிய மெராந்தி புயல் நகரின் மரங்களை எப்படிச் சாய்த்தது என்று ஊரார் இன்றும் சொல்வார்கள். தங்குவது சுவான்ஜோவின் பழைய நகரிலும், கடலும் குலாங்யூவும் பார்க்க ஒன்றிரண்டு நாள் சியாமெனிலும் என்று வைத்துக்கொள்வது நல்லது. வரலாறு நடந்த வரிசையும் அதுவே. ஓர் ஊருக்கு மட்டுமே நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு என் ஓட்டு சுவான்ஜோவுக்கு.